பிரம்பால் வராத ஈமான்: ஹிப்போ நகரத்து ஆயரின் வரலாற்றில் நமக்குள்ள படிப்பினை

 

சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, மஃரிபுத் தொழுகை முடிந்த வேளையில், ஒரு தந்தை தம் மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு மத்ரஸாவுக்கு வந்தார். 16 வயதுப் பிள்ளை. நம்மிடமே குர்ஆன் ஓதி முடித்தவன். "ஹஜ்ரத், இவன் கேட்கிற கேள்விகளால் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. ஓதிப் பாருங்கள், இல்லையென்றால் நாலு அடி போட்டாவது நிறுத்துங்கள்" என்றார். என்ன கேள்வி என்று பிள்ளையிடம் விசாரித்தோம். தலையைக் குனிந்தபடியே சொன்னான்: "பக்கத்துக் கிறிஸ்தவர் வீட்டில் நான் பிறந்திருந்தால் கிறிஸ்தவனாகத்தான் வளர்ந்திருப்பேன். அப்படியானால் நான் முஸ்லிமாக இருப்பது என் விருப்பமா, அத்தாவின் விருப்பமா?"

தந்தையின் முகம் சிவந்தது. நாம் அவரை அமரச் சொன்னோம். பிரம்பு எடுக்கும்படியான கேள்வியாக அது நமக்குத் தோன்றவில்லை. மனிதனின் விருப்பம் அவனுடைய கையில்தான் இருக்கிறதா, உண்மையைத் தேடும் கடமை யாருடையது, அந்தத் தேடலைப் பிறர் வலிந்து முடித்துவைக்க முடியுமா என்னும் இக்கேள்விகளை வைத்துக் கிறிஸ்தவ உலகம் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே பெரும் போராட்டம் நடத்தியிருக்கிறது. அப்போராட்டத்தின் களம் வட ஆப்பிரிக்கா; இன்று பாங்கோசை ஒலிக்கும் அல்ஜீரியாவும் துனீசியாவும். அன்றிரவு இஷாவுக்குப் பின் தந்தைக்கும் மகனுக்கும் நாம் எடுத்துச் சொன்ன அந்த வரலாற்றையே இங்கு எழுதுகிறோம்.

உண்மையைத் தேடிய இளைஞர்

அகுஸ்தீன் என்பவர் கி.பி. 354 இல் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ் நகரம் இருக்கும் இடம் அது. தாயார் மோனிக்கா கிறிஸ்தவப் பக்தி மிகுந்தவர். தந்தை பத்ரீசியுஸ் உரோமரின் பழைய தெய்வங்களை வணங்கியவர். ஒரே வீட்டில் இரு வழிகளைக் கண்டு வளர்ந்த பிள்ளை அவர். தாயின் கண்ணீரும் மன்றாட்டும் இருந்தும், மகன் தாயின் மதத்தில் உடனே நிலைகொள்ளவில்லை.

16 வயதில் தாம் செய்த ஒரு திருட்டை அகுஸ்தீன் பிற்காலத்தில் தம் தன்வரலாற்று நூலில் மிக விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நண்பர்களோடு இரவில் சென்று ஒருவருடைய மரத்திலிருந்து பேரிக்காய்களை உலுக்கி எடுத்தார்கள். பசியில்லை, தங்களிடம் இருந்த பழங்கள் அவற்றினும் சிறந்தவை. திருடியவற்றில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தேவையே இல்லாதபோது தீமையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்னும் கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

கல்வி கற்கக் கார்த்தேஜ் நகருக்குச் சென்ற அவர், மானியின் மதத்தில் சேர்ந்தார். ஒளி, இருள் என்னும் இரு ஆதிசக்திகளின் போரே உலகம் என்பது அம்மதத்தின் கொள்கை. நம்முள் பாவம் செய்வது நாமல்ல, நம்மில் கலந்திருக்கும் இருளே என்று அது கற்பித்தது. குற்றத்தைத் தன் மீது சுமக்க விரும்பாத இளைஞனுக்கு அது இதமாகவே இருந்தது. ஆனால் கேள்விகள் ஓயவில்லை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து, அம்மதத்தின் புகழ்பெற்ற அறிஞரான ஃபாஸ்துஸிடம் தம் ஐயங்களைக் கேட்டார். அவரோ இனிமையாகப் பேசினாரே தவிர, விடை சொல்ல இயலாதவராக இருந்தார். தமக்குத் தெரியாது என்பதை அவர் ஒப்புக்கொண்ட நேர்மையை அகுஸ்தீனும் பாராட்டியே எழுதியிருக்கிறார்.

பின்னர் உரோமுக்கும், 384 இல் மிலான் நகருக்கும் சென்றார். அங்கே ஆயர் அம்புரோசின் சொற்பொழிவுகளைக் கேட்டார். தத்துவ நூல்களைக் கற்றார். நண்பர்களோடு நாள்தோறும் விவாதித்தார். அறிவு ஒப்புக்கொண்ட பின்னும் மனம் பழக்கத்தின் பிடியிலிருந்து விடுபட மறுத்தது; அந்தப் பழக்கத்தைத் தம்மைப் பிணித்த ஒரு சங்கிலியாகவே அவர் வர்ணிக்கிறார். இறுதியில் 386 இல் கிறிஸ்தவத்தை ஏற்பது என உறுதிபூண்டு, 387 இல் ஞானஸ்நானம் பெற்றார். அவரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. தவறான வழிகளில் நடந்து, அவற்றின் குறைகளைத் தாமே கண்டு திரும்புவதற்கான அவகாசம் அவருக்குக் கிடைத்தது.

விருப்பமும் அருளும்

அதன்பின் அவர் எழுதத் தொடங்கிய நூல்களில் ஒன்று மனிதனின் சுய விருப்பத்தைப் பற்றியது. தீமைக்குத் தனியாக ஒரு கடவுள் இல்லை. இறைவன் தந்த விருப்பத்தை மனிதன் உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததை நோக்கித் திருப்புவதே தீமை என்று அதில் வாதிட்டார். பேரிக்காய் திருடியது இருளின் சக்தியல்ல, தாமே என்று ஒப்புக்கொள்ளும் வாதம் அது.

சில ஆண்டுகளில் ஹிப்போ நகரின் ஆயரானார். அந்நகரம் இன்று அல்ஜீரியாவின் அன்னாபா. 410 இல் கோத்தியர் உரோம் நகரைச் சூறையாடியபோது, அங்கிருந்து கடல் கடந்து வந்தவர்களுள் பெலாஜியுஸ் என்பவரும் ஒருவர். பிரித்தானியாவைச் சேர்ந்த அவர் துறவு ஒழுக்கம் மிக்கவர். செய்ய முடியாத ஒன்றை இறைவன் கட்டளையிட மாட்டான். ஆதமின் பாவம் ஆதமோடு முடிந்தது. மனிதன் நாடினால் நன்மையில் நிலைத்திருக்க இயலும் என்பது அவர் தரப்பின் கருத்து. அகுஸ்தீனோ, ஆதமின் வீழ்ச்சியால் மனித விருப்பமே நோயுற்றுவிட்டது, இறையருள் முந்திக்கொண்டு குணப்படுத்தினாலன்றி அது நன்மையை நாடாது என்றார். 415 இல் பாலஸ்தீனத்தின் லுத்து நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸைக் குற்றமற்றவர் என்றனர். 418 இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அவருடைய கொள்கைகளைக் கண்டித்தனர். அதே ஆண்டு பேரரசர் ஹோனோரியுஸ் அக்கொள்கையினரை உரோமிலிருந்து வெளியேற்ற ஆணையிட்டார்.

இவ்விவாதத்தைக் கேட்கும் முஸ்லிமுக்கு, பெலாஜியுஸ் நம் பக்கம் நிற்பவர் போலத் தோன்றக்கூடும். ஆதம் (அலை) அவர்களின் பிழையை அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்றும், ஒருவருடைய பாவச் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்றும் நாம் நம்புகிறோம். ஆயினும் தவ்ஃபீக் என்னும் இறையுதவி இல்லாமல் ஒரு ஸஜ்தாவும் நம்மால் இயலாது என்பதும் நம் அகீதாவே. மனிதனுக்கு ஆற்றல் எதுவுமில்லை என்ற ஜபரிய்யாக்களுக்கும், எல்லாம் மனிதன் கையில்தான் என்ற கதரிய்யாக்களுக்கும் நடுவே நம் இமாம்கள் வழி வகுத்தார்கள். செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதை நாடிச் சம்பாதித்துக்கொள்பவன் அடியான் என்பது இமாம் அஷ்அரீ அவர்களின் விளக்கம். எனவே பிற மதத்தாரின் இப்போராட்டத்தை ஏளனமாகப் பார்க்க நமக்கு இடமில்லை. அதே ஆற்றை நாமும் கடந்து வந்திருக்கிறோம்.

பழைய அறிமுகத்தாருக்கு எழுதிய கடிதம்

அகுஸ்தீனின் வாழ்வில் நாம் அதிகம் சிந்திக்க வேண்டிய பகுதி வேறொன்று. அது பெலாஜியுஸ் விவாதத்துக்கு முன்பே தொடங்கியது.

உரோமப் பேரரசர் தியோக்ளேசியன் 303 இல் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியபோது, உயிருக்கு அஞ்சிச் சில மதகுருமார் வேதப் பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். துன்புறுத்தல் ஓய்ந்தபின், அவ்வாறு ஒப்படைத்தவர்களின் கையால் நியமனம் பெற்ற ஆயரை ஏற்க முடியாது என்று வட ஆப்பிரிக்காவில் ஒரு பெரும் பிரிவினர் விலகினர். தொனாத்துஸ் என்னும் தலைவரின் பெயரால் அவர்கள் தொனாத்தியர் எனப்பட்டனர். நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் பிளவு நூறாண்டு நீடித்தது. அகுஸ்தீன் ஹிப்போவுக்கு வந்தபோது அவ்வூரில் அவர்களே பெரும்பான்மையினர். அவர்களில் வன்முறையில் இறங்கிய கூட்டத்தாரும் இருந்தனர். கத்தோலிக்கக் குருமார் தாக்கப்பட்ட நிகழ்வுகளும் உண்டு.

தொடக்கத்தில் அகுஸ்தீன் வற்புறுத்தலை ஏற்கவில்லை. வாதத்தால் வெல்ல வேண்டும், நியாயத்தால் இணங்கவைக்க வேண்டும். இல்லையேல் வெளிப்படையாக மாறுபட்டு நின்றவர்கள் வேடதாரிகளாக உள்ளே வந்துவிடுவார்கள் என்று அஞ்சினார். பின்னர் அவர் மனம் மாறியது. 408ஐ ஒட்டிய காலத்தில், கார்த்தேஜில் மாணவப் பருவத்திலேயே தம்மை அறிந்திருந்தவரும், தொனாத்தியரிலிருந்து பிரிந்த ஒரு சிறு குழுவின் ஆயருமான வின்சென்சியுஸ் என்பவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், அம்மாற்றத்தின் காரணத்தை அவரே விளக்குகிறார். தம் சொந்த ஊர் முழுவதும் தொனாத்தியர் பக்கம் இருந்ததாம். பேரரசின் சட்டங்களுக்கு அஞ்சி அது கத்தோலிக்கத்துக்குத் திரும்பியதாம். இப்போது மக்கள் அதில் உறுதியாக இருக்கிறார்களாம். பழக்கம் என்னும் சங்கிலியில் கட்டுண்டு கிடப்பவர்களை அச்சம் உலுக்கி எழுப்புகிறது, பிறகு உண்மை அவர்களுக்குப் புரிகிறது என்பது அவருடைய வாதம். லூக்காவின் சுவிசேஷத்தில் வரும் விருந்து உவமையில், வராதவர்களை வற்புறுத்தி அழைத்துவரும்படி வீட்டுக்காரர் பணியாளிடம் சொல்லும் பகுதியை இதற்கு ஆதாரமாக்கிக்கொண்டார்.

411 இல் பேரரசின் அதிகாரி தலைமையில் கார்த்தேஜில் பெரும் விசாரணை நடந்தது. இரு தரப்பிலும் சேர்த்து 500க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடினர். தீர்ப்பு தொனாத்தியருக்கு எதிராக அமைந்தது. 412 இல் வந்த சட்டம் அவரவர் தகுதிக்கேற்ப அபராதம் விதித்தது. அவர்களுடைய குருமாரை நாடு கடத்தவும், ஆலயங்களைக் கத்தோலிக்கரிடம் ஒப்படைக்கவும் ஆணையிட்டது. கொலைக் குற்றம் புரிந்த தொனாத்தியருக்குக்கூட மரண தண்டனை வேண்டாம் என்று அகுஸ்தீன் அதிகாரிக்குக் கடிதம் எழுதியதையும் நேர்மையோடு இங்கே குறிப்பிட வேண்டும். அவர் கொடியவர் அல்லர். தாம் கண்ட உண்மையைப் பிறரும் காண வேண்டும் என்ற பரிவே அவரை அங்கே கொண்டு சென்றது. பெற்றோராகிய நாம் அஞ்ச வேண்டியது இந்த இடத்தைத்தான். பிள்ளையின் கேள்வியை அடக்க முனையும் எந்தத் தந்தையும் பகைமையால் அப்படிச் செய்வதில்லை.

திரும்பி வந்த சட்டம்

430 ஆகஸ்டில் வாண்டலியர் என்னும் செர்மானியக் குலத்தாரின் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அகுஸ்தீன் இறந்தார். 439 இல் கார்த்தேஜும் அவர்கள் வசமாயிற்று. அவர்களும் கிறிஸ்தவர்களே, ஆனால் ஆரியுஸ் என்பாரின் வழியில் வந்தவர்கள். மகன் எனப்படும் ஈசா (அலை) பிதாவுக்குச் சமமானவர் அல்லர் என்பது அவர்கள் கொள்கை. 484 இல் அவர்களுடைய மன்னன் ஹுனெரிக், கத்தோலிக்க ஆயர்களை விவாதத்துக்கென்று கார்த்தேஜுக்கு வரவழைத்தான். அம்மாதமே ஓர் ஆணை பிறப்பித்தான். அதில் புதிதாக எதையும் அவன் சிந்திக்க வேண்டியிருக்கவில்லை. உரோமப் பேரரசர்கள் மாற்றுக் கருத்தினர் மீது விதித்த அதே சட்டங்களை எடுத்து, இவை இனிக் கத்தோலிக்கருக்குப் பொருந்தும் என்றான். தகுதிக்கேற்ற அபராதம், நாடு கடத்தல், ஆலயப் பறிமுதல் அனைத்தும் அப்படியே திரும்பி வந்தன. 412 இன் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 72 ஆண்டுகள்தாம். முன்னதை வரவேற்ற ஆயர்களுக்குப் பின் அதே பீடங்களில் அமர்ந்தவர்கள், பின்னதால் நாடு கடத்தப்பட்டார்கள்.

அக்கடிதத்தின் பயணம் அதோடும் நிற்கவில்லை. 1685 இல் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் புராட்டஸ்தாந்தியரின் வழிபாட்டுரிமையைப் பறித்தபோது, அதை நியாயப்படுத்த அகுஸ்தீனின் இக்கடிதம் அச்சிட்டுப் பரப்பப்பட்டது. அந்த அடக்குமுறையில் தம் சகோதரரைச் சிறையில் இழந்த பியேர் பேல் என்னும் அறிஞர், மறு ஆண்டே அந்த விருந்து உவமையின் வற்புறுத்தலைப் பற்றித் தனி நூல் எழுதி, பலவந்தத்தால் மனச்சான்று மாறாது, பொய்வேடமே பெருகும் என்று வாதிட்டார். அகுஸ்தீன் தம் தொடக்கக் காலத்தில் அஞ்சியதும் இதையே. கத்தோலிக்கத் திருச்சபை 1965 டிசம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பிரகடனத்தில், மதம் தொடர்பாக எவரையும் வற்புறுத்தலாகாது என்று அறிவித்தது. அகுஸ்தீனின் கடிதத்திலிருந்து அந்த அறிவிப்பு வரை 1,550 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

நம் வரலாற்றிலும் ஒரு பக்கம்

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா அவர்களின் நிலையை என்று பெருமூச்சு விடுவதற்காக நாம் எழுதவில்லை. நம் வரலாற்றிலும் இப்படியொரு பக்கம் உண்டு. மனிதன் தன் செயலுக்குத் தானே முழுப் பொறுப்பாளி, அவனுக்குச் சுதந்திரமான விருப்பம் உண்டு என்று அனைவரினும் உரக்கச் சொன்னவர்கள் முஃதஸிலாக்கள். குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் அவர்களுடைய கொள்கையை ஹிஜ்ரி 218 இல், அதாவது கி.பி. 833 இல், கலீஃபா மஃமூன் உலமாக்கள் மீது திணிக்கத் தொடங்கினார். மிஹ்னா எனப்படும் அந்தச் சோதனைக் காலத்தில் மறுத்தவர்கள் விசாரிக்கப்பட்டனர், சிறையிடப்பட்டனர். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) சாட்டையடி பட்டார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் தலைமாணவரான இமாம் புவைத்தீ (ரஹ்) எகிப்திலிருந்து விலங்கிடப்பட்டு பக்தாத்துக்குக் கொண்டு வரப்பட்டு, ஹிஜ்ரி 231 இல் சிறையிலேயே வஃபாத் ஆனார்கள். விருப்பச் சுதந்திரத்தைக் கிதாபில் நிலைநாட்டியவர்கள், மாற்றுக் கருத்துடைய ஓர் ஆலிமுக்கு அதைத் தர மறுத்தார்கள். அதிகாரம் மாறியதும் முஃதஸிலாக்களின் செல்வாக்கும் சரிந்தது. இன்று உம்மத்தின் நெஞ்சில் நிற்பது அடித்தவர்களின் பெயரன்று, அடிபட்ட இமாமின் பெயர்.

அல்பகரா அத்தியாயத்தின் 256 ஆம் வசனம் இறங்கிய பின்னணி குறித்துத் தஃப்ஸீர் நூல்களில் வரும் ஓர் அறிவிப்பைப் பெற்றோர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மதீனாவின் அன்ஸாரித் தோழர் ஒருவருக்குக் கிறிஸ்தவத்தில் இருந்த இரு மகன்கள் உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்தி இஸ்லாத்துக்குள் கொண்டு வரலாமா என்று அவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். மார்க்கத்தில் பலவந்தத்துக்கு இடமில்லை என்னும் பொருள்பட அவ்வசனம் இறங்கியது. கேட்டவர் ஒரு தந்தை. கேட்டது தம் சொந்தப் பிள்ளைகளுக்காக. இதை மறந்துவிடலாகாது.

அன்றிரவு நாம் சொன்னது

"ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் கண்டியுங்கள் என்ற கட்டளை இருக்கிறதே, ஹஜ்ரத்?" என்று அந்தத் தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளையைத் தொழுகைக்குப் பழக்குவதும், ஹலால் ஹராம் சொல்லி வளர்ப்பதும் தந்தையின் கடமை. அதை விட்டுவிட நாம் சொல்லவில்லை. ஆனால் உளூச் செய்யும் முறையைப் பழக்கத்தால் கற்பிக்கலாம். உள்ளம் உண்மையென ஏற்கும் தஸ்தீக் அப்படி வருவதில்லை. அடித்தால் பிள்ளை கேள்வியை நிறுத்துவான். உங்களிடம் கேட்பதைத்தான் நிறுத்துவான். மனத்தில் அது இருந்துகொண்டே இருக்கும், நாளை வேறு யாரிடமாவது கேட்பான்.

பிள்ளையிடம் நாம் சொன்னது இது. நீ இவ்வீட்டில் பிறந்தது உன் சாதனையன்று, அல்லாஹ்வின் நிஃமத். ஆனால் பாலிகான நாள்முதல் கணக்கு உன்னுடையது. முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் நம்பும் முகல்லிதின் ஈமானைப் பற்றி நம் அகீதா நூல்களிலேயே விரிவான விவாதம் உண்டு. அகுஸ்தீன் பிறந்த அதே அல்ஜீரிய மண்ணில், திலிம்சான் நகரில், 15 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் ஸனூஸீ (ரஹ்) இவ்விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர்கள். ஆதாரத்தோடு அறிந்து நம்பு என்று வற்புறுத்தியவர்கள். அத்தகைய ஈமான் செல்லும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு. ஆயினும் சிந்தித்து உறுதிப்படுத்திக்கொள்வதே மேலானது என்பதில் அனைவரும் உடன்படுகிறார்கள். ஆகவே உன் கேள்வி மார்க்கத்துக்கு வெளியே இல்லை. தேடு, படி, எங்களிடம் வந்து கேள். தேடியபின் நீ எடுக்கும் முடிவின் விளைவு இம்மையிலும் மறுமையிலும் உன்னையே சாரும். அதை அத்தாவும் சுமக்க மாட்டார், நாமும் சுமக்க மாட்டோம்.

எழுந்து செல்லுமுன் தந்தைக்கு ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவூட்டினோம். பாரசீகத்தில் நெருப்பை வணங்கிய குடும்பத்தில் பிறந்தவர்கள். வழியில் ஓர் ஆலயத்தில் கிறிஸ்தவர்களின் வணக்கத்தைக் கண்டு மனம் ஈர்க்கப்பட்டார்கள். மகன் மீது உயிரையே வைத்திருந்த தந்தை, அதைக் கேட்டுப் பதறி, காலில் விலங்கிட்டு வீட்டில் அடைத்தார். விலங்கு நீடிக்கவில்லை. ஷாம், மூஸில், நஸீபீன், அம்மூரிய்யா என்று ஒரு துறவியிடமிருந்து மற்றொரு துறவியிடம் சென்று, அடிமையாக விற்கப்பட்டு, இறுதியில் மதீனாவில் நபி (ஸல்) அவர்களைக் கண்டடைந்தார்கள். மகனை இழந்துவிடக் கூடாது என்று விலங்கு பூட்டிய அந்தத் தந்தை, அதனாலேயே மகனை இழந்தார்.

அத்தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகனின் தோளில் கை வைத்து, "வா, போகலாம். வழியில் பேசிக்கொண்டு போவோம்" என்றார். அந்தப் பிள்ளை இப்போதும் வியாழக்கிழமைகளில் வருகிறான், கேள்விகளோடுதான் வருகிறான். சிலவற்றுக்கு விடை சொல்ல நாமும் கிதாபுகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு உண்மையைத் தேடும் மனத்தையும், அதைக் கண்டபின் நிலைத்திருக்கும் தவ்ஃபீக்கையும், அவர்களுடைய கேள்விகளைப் பொறுமையோடு கேட்கும் பக்குவத்தை நமக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.